ஆறேகால் வெள்ளி

கேம்பல் ஸ்திரீட்டுக்குப் பின்சந்தில்
மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார்
ஊய் கியன் லியோங்.
விற்கும் அவசரமில்லாத மனிதர்.
மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

முதலாவது, ஷாங்காயில் பிறந்த சீகல்.
முந்நூற்றைம்பது வெள்ளி.
ஃபிலிம் சுற்றும் குமிழ்
விழப்போகும் பல்லாக ஆடியது.
அதை மெல்லத் தள்ளிவைத்தேன்,
அதற்குக் கேட்டுவிடாதபடி.

மற்ற இரண்டும் யாஷிகா மாட்.
ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்கள்,
தோள்பட்டையில் ஒரே மாதிரித் தேய்மானம்.
ஒன்று எண்ணூறு. ஒன்று அறுநூற்றைம்பது.
என் பையில்
போனஸில் கடன் போக மிஞ்சிய
எழுநூற்று இருபது.

எண்ணூறை வெளிச்சத்தில் பிடித்தேன்.
கழுவி வைத்த தண்ணீர் போலக் கண்ணாடி.
அறுநூற்றைம்பதில்
ஓரத்தில் பூஞ்சையின் ஒற்றை நூல்
(இந்தத் தீவில்
அரிசி டப்பாவுக்கும் லென்சுக்கும் ஒரே வியாதி),
நடுவிலிருந்து சற்றே விலகி ஒரு கீறல்.

பாயான் லெப்பாஸில்
பன்னிரண்டு மணி நேரம்
மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்து
மயிரிழைக் கீறல் என்றாலும்
சிவப்புத் தட்டில் போடுகிறவள் நான்.
கை தானாக நகர்ந்தது.
தட்டைத்தான் காணவில்லை.

"விலையில் பார்க்கலாம் லா,"
எண்ணூறைத் தட்டினார்.
"உனக்காக எழுநூறு."

எழுநூறு போனால் மிச்சம் இருபது.
ஃபிலிம் நாற்பத்திரண்டு,
கழுவ முப்பத்து மூன்று,
பன்னிரண்டு படத்தால் வகுத்தால்
ஒரு படம் ஆறேகால் வெள்ளி.
யார் கண் சிமிட்டினாலும் ஆறேகால்.
நான் மூச்சு விட்டாலும் ஆறேகால்.

குனிந்து பார்த்தேன்.
மேல்மூடிக்குள் தெரு,
இடம் வலம் மாறி.
எதிர்ப்புறம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து
இடக்கையால் தே ஓ குடிக்கிறாள் ஹயாத்தி,
வாழ்நாளில் இடக்கையால் எதையும் தொடாதவள்.
அவளை நடுவில் நிறுத்தத் திரும்பினால்
வேறு பக்கம் ஓடினாள்.
பின்னால் ஒரு லாரி
வந்த வழியே போவது போல வந்தது.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
கியன் லியோங் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

பிறகு காதோடு வைத்துச் சோதித்தேன்.
ஐந்நூறில் ஒரு பங்கு: டிக்.
அறுபதில்: டிக்.
ஒரு வினாடியில் வைத்து அழுத்தினேன்.
எண்ணூறு திறந்தது.
திறந்தே இருந்தது.
சந்தில் ஒரு சைக்கிள் கடந்து முடிந்த பின்
யாரோ நினைவூட்டியது போல மூடிக்கொண்டது.

"ஒரு வினாடி யாருக்கு வேண்டும்?
பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?"
உண்மைதான்.
கடற்கரை, கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும்
அது தேவையே இல்லை.

நான் எடுக்க நினைத்தது ஒன்றே ஒன்று.
காலை ஐந்து நாற்பது,
ரெலாவ் அடுக்குமாடியின் கீழே
தொழிற்சாலை பஸ் நிற்கும் இரண்டு நிமிடம்.
ஒற்றைக் குழல் விளக்கு.
ஜன்னல்தோறும் கன்னம் ஒட்டிய தூக்கம்.
யாரும் முகத்தைச் சரிசெய்துகொள்ளாத நேரம்.
அவ்வளவு குறைந்த வெளிச்சத்துக்கு
ஒரு வினாடி வேண்டும்.
குறையாத ஒரு வினாடி.

அறுநூற்றைம்பதை அழுத்தினேன்.
உள்ளே சின்னப் பல்சக்கரங்கள்
ர்ர்ர்ர் என்று ஓடி
சொன்ன இடத்தில் நின்றன.
மறுபடி. மறுபடி.
கைப்பேசியின் வினாடிமுள்ளோடு வைத்துப் பார்த்தேன்.
ஒத்துப்போனார்கள் இருவரும்.

"கீறல் இருக்கிறது," என்றேன்.
"அதனால்தான் அறுநூற்றைம்பது," என்றார்.
"பூஞ்சை?"
விசிறியை ஒரு விரற்கடை என் பக்கம் திருப்பினார்.
அறுநூற்று முப்பது.

தொண்ணூறு மிச்சம்.
ஒரு ரோல், ஒரு கழுவல்,
அதன் பிறகு பதினைந்து வெள்ளியில்
சம்பளம் வரை.
மூடி கேட்டேன், இல்லை என்றார்.
பையில் கிடந்த வேலைக்கூடத்து முடிவலையை
இரட்டைக் கண்களுக்கும் சேர்த்து மாட்டினேன்.

தெருவைக் கடந்தேன்.
வலக்கையால் வாங்கினாள் ஹயாத்தி.
என் பக்கத்து மைக்ரோஸ்கோப் அவளுடையது.
வலையை நீக்கினாள்.
விலை கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை.
வெயிலில் ஒருமுறை சாய்த்தாள்.

"சாலார்," என்றாள். கீறல்.

தெரியும் என்றேன்.

ஏறு என்றாள்.